லிஸ்பெத்துக்கு நான் தேர்ந்தெடுத்த லேப்டாப்

24 ஜனவரி 2025, வெள்ளி

பகல் மணி 12.40. பழுதுபார்க்கக் காத்திருக்கும் லேப்டாப் பதினேழு. முடித்தது இரண்டு. ஸ்க்ரூடிரைவர் பிடிக்க நான் ஒருவன்தான். கடை முதலாளி தோன் சக்காரியாஸ் அலாசிட்டாஸ் சந்தைக்குப் போய்விட்டார். எல் ஆல்ட்டோ ஊரே அங்கே போய்விட்டது. இன்று பன்னிரண்டு மணி அடிக்கும்போது எதன் பொம்மையை வாங்கிப் புகை காட்டினாலும் வருஷம் முடிவதற்குள் அது நிஜமாகக் கைக்கு வந்துவிடுமாம். மூன்று வருஷம் மின்னணுவியல் படித்தவனிடம் இதைச் சொல்ல ஒருவருக்கும் கூச்சமில்லை.

தங்கை லிஸ்பெத் சந்தையிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். தலை, தோள் எல்லாம் வண்ணக் காகிதத் துணுக்கு. உள்ளங்கையில் தீப்பெட்டி அளவு லேப்டாப். மூடி திறந்து மூடுகிறது.

"பாருண்ணா, இதுதான் நான் கேக்குற மாடல். மெல்லிசு. கனமே இல்ல. கேரண்டி அட்டைகூடக் குடுத்திருக்காங்க."

"கிராஃபிக்ஸ் கார்டு எங்க?"

"அதை நீ போட்டுக் குடு, இஞ்சினியர் சார்."

அம்மா இவளுக்கென்று கட்டடக்கலைப் பட்டச் சான்றிதழ் பொம்மை வாங்கியிருக்கிறாளாம். நுழைவுத் தேர்வு முடிவே இன்னும் வரவில்லை. இருவருக்கும் நல்ல பொருத்தம்.

2 பிப்ரவரி, ஞாயிறு

இடம் கிடைத்துவிட்டது. அவளுக்கு முன்னால் நாற்பது பேர், பின்னால் எழுநூறு பேர். அப்பா மினிபஸ் ஹாரனைத் தெரு முழுக்க அடித்துக்கொண்டே வந்தார். இரண்டு நாள் பெட்ரோல் வரிசையில் கிடந்த மனிதர் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் ஆள் இவள்தான். நான் போனது தொழில்நுட்பக் கல்லூரி. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சாப்பிடும்போது அப்பா என்னைக் காட்டிச் சொன்னார்: "லேப்டாப் விஷயம் குரோவர் பொறுப்பு. அவன் சொல்றதுதான்."

சரியான முடிவு.

9 பிப்ரவரி, ஞாயிறு

லிஸ்பெத் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அச்சடித்த மாதிரி எழுத்து, ஓரத்தில் அளவுகோல் வைத்துக் கோடு. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கூடாது. தினமும் இரண்டு பஸ் மாறி மூன்று மாடி ஏற வேண்டும். பேட்டரி ஆறு மணி நேரம் தாங்க வேண்டும். வரையும் மென்பொருள் ஓட வேண்டும். 'ஊர்' ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், புதியதாக இருக்க வேண்டும்.

ஊர் என்பது விளையாட்டு. இவளும் எங்கள் சித்தப்பா மகள் ரோக்ஸானாவும் சேர்ந்து ஒரு ஊர் கட்டுகிறார்கள். தெரு, கால்வாய், பள்ளிக்கூடம், சந்தை. ரோக்ஸானா சாவ் பாவ்லோவில் தையல் பட்டறையில் இருக்கிறாள். வாரத்தில் ஞாயிறு மதியம் மட்டும்தான் அவளுக்கு ஓய்வு. இதுவரை லிஸ்பெத் என் பழைய மெஷினில் ஓட்டினாள். ஒரு வீடு கட்டி முடிப்பதற்குள் படம் பத்து தரம் நிற்கும்.

"இந்த விலைக்குப் புதுசுல உனக்குக் கிடைக்கிறது டைப் அடிக்கிற பொட்டிதான். மூணாவது செமஸ்டர்ல முப்பரிமாண மாடல் போடச் சொல்லுவாங்க. அப்ப வந்து அழுவ."

"அப்ப அழுதுக்கறேன். இப்ப எனக்கு முதல் செமஸ்டர்தானே."

"பழசுல ஒரு கேமிங் மெஷின் எடுத்தா அஞ்சு வருஷம் ஓடும். உன் ஊரும் ஓடும்."

"அது செங்கல் மாதிரி இருக்கும்ணா. எவனோ வேணாம்னு கழிச்சது. எனக்குன்னு ஒண்ணாவது புதுசா இருக்கட்டுமே. நான் மட்டும் தொட்டதா."

"நீ தொட்டா வேகமா ஓடிடுமா?"

அப்பா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தாளை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

டாலர் கண்ணில் படாத வருஷம் இது. புதிய மெஷின் போன வருஷத்து விலையைப்போல் இரண்டு பங்கு. ஆசை வேறு, திறன் வேறு. இதை எத்தனை தரம் சொல்வது?

15 பிப்ரவரி, சனி

இக்கீக்கே துறைமுகம் வழியாகச் சரக்கு வந்தது. பன்னிரண்டு கேமிங் லேப்டாப், ஒரே மாடல். வெளிநாட்டில் ஏதோ அலுவலகம் கழித்துக் கட்டியவை. ஒன்றை லிஸ்பெத்துக்காக எடுத்துவைத்தேன். ஆறு கோர், தனி கிராஃபிக்ஸ், பதினாறு ஜிபி.

சோதனை ஓட்டத்தில் தொண்ணூற்றேழு டிகிரி. எதிர்பார்த்ததுதான். நாலாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் காற்று மூன்றில் இரண்டு பங்குதான். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அள்ளித் தள்ளக் காற்று வேண்டுமே. கடலோரத்தில் உட்கார்ந்து கையேடு எழுதுகிறவனுக்கு இது தெரியாது. வெப்பம் கடத்தும் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதியது தடவினேன். ஃபேனைப் பிரித்துத் துடைத்தேன். பிராசஸர் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தேன். எழுபத்தெட்டு டிகிரி. இந்த ஊரில் இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் என்னைச் சேர்த்து நாலு பேர் இருந்தால் அதிகம்.

19 பிப்ரவரி, புதன்

லேப்டாப்பைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தால் ஆடுகிறது, ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி. மறுபடி பிரித்தேன். பேட்டரி நடுவில் உப்பியிருக்கிறது. அளந்து பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர்.

தோன் சக்காரியாஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக்கூடப் போடவில்லை மனிதர்.

"கீழ் ஊர்லேருந்து சிப்ஸ் பாக்கெட் மேல வந்தா என்ன ஆகுது? உப்புது. வெடிக்குதா? உயரம் பண்ற வேலை தம்பி அது. இந்த ஊர்ல உப்பாத பேட்டரி ஒண்ணு காட்டு, கடையை உன் பேருக்கே எழுதிவெக்கறேன்."

எல்லாக் கடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள். நானே வாடிக்கையாளர்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் உயரம் மட்டும் காரணம் என்றால் லேசாகத் தளரும், அவ்வளவுதான். இரண்டு மில்லிமீட்டர் என்றால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. படித்த பாடம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

மாற்றுப் பேட்டரி சாந்தா குரூஸிலிருந்து வர வேண்டும். ஒரு மாதம் ஆகும். வராமலும் போகலாம். லிஸ்பெத்துக்குச் சனிக்கிழமை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தள்ளிப்போட்டால் "நான் புதுசு கேட்டேன் இல்ல" என்பாள்.

அடிமூடியின் பதினோரு ஸ்க்ரூவையும் இறுக்கினேன். இப்போது ஆடவில்லை.

22 பிப்ரவரி, சனி

கொடுத்துவிட்டேன். ஒரு கையால் தூக்கிப் பார்த்து, இன்னொரு கையையும் சேர்த்துக்கொண்டாள். "இதைத் தூக்கிட்டுப் போறதுக்கே தனியா ஒரு டிகிரி குடுக்கணும்."

பிறகு ஊரைத் திறந்தாள். "அண்ணா! கால்வாயில தண்ணி ஓடுது பாரு! இத்தனை நாள் அது நீலக் கோடுன்னு நெனச்சிட்டிருந்தேன்." ஃபோனில் ரோக்ஸானாவிடம் அதையே மூன்று தரம் சொன்னாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

4 மார்ச், செவ்வாய்

சல்லா நாள். வீடு, வண்டி, அம்மாவின் சோளக் கஞ்சிப் பானை, எது எங்களுக்குச் சோறு போடுகிறதோ அதற்கெல்லாம் காகித நாடா சுற்றிச் சாராயம் தெளித்தாயிற்று. மினிபஸ்ஸின் நாலு சக்கரத்துக்கும் பீர். கடைசியில் அப்பா லேப்டாப் பக்கம் வந்தார்.

"இதுதான் நாளைக்கு நமக்குச் சோறு போடப்போகுது. இதை விட்டா எப்படி?"

"அப்பா, வேணாம். எலக்ட்ரானிக்ஸ்."

"ரெண்டு சொட்டுடா."

ரெண்டு சொட்டு இல்லை. எஃப், எச் எழுத்துப் பக்கமெல்லாம் ஈரம். கவிழ்த்துத் துடைத்தேன். கத்தினேன். லிஸ்பெத் சிரித்துக்கொண்டே மூடியின்மேல் மஞ்சள் நாடாவைக் கட்டினாள்.

10 மார்ச், திங்கள்

வகுப்பு தொடங்கிவிட்டது. முதுகு வலிக்கிறதாம். உடற்பயிற்சி என்று நினைத்துக்கொள் என்றேன்.

16 மார்ச், ஞாயிறு

"அண்ணா, டச்பேட் அழுத்த மாட்டேங்குது. கீழேருந்து யாரோ முட்டுக் குடுக்குற மாதிரி இருக்கு."

"மவுஸ் வாங்கிக்கோ."

"ஒரு நிமிஷம் பாரேன்."

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் இதைத்தான் பாக்கறேன். வீட்லயுமா?"

மவுஸ் வாங்கிக்கொண்டாள்.

23 மார்ச், ஞாயிறு

கடையில் காத்திருப்பவை இருபத்து மூன்று. ஒவ்வொருவனுக்கும் அவனவன் மெஷின்தான் உலகம்.

31 மார்ச், திங்கள்

வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எழுத முடிகிறது.

நேற்று மதியம் மூன்றே கால். அப்பா முந்தின நாளெல்லாம் பெட்ரோல் வரிசையில் நின்றுவிட்டு வந்து உள்கட்டிலில் தூங்குகிறார். ஜன்னல் ஓரக் கட்டிலில் லிஸ்பெத். குளிருக்குக் கால்மேல் போர்வை, போர்வைமேல் லேப்டாப், அது சார்ஜரில். ரோக்ஸானாவோடு ஊர். அம்மா முற்றத்தில் துணி அலசுகிறாள். நான் கடையில். ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன கடை?

சீறுகிற சத்தம் கேட்டதாம். வெள்ளைப் புகை. பிறகு அடியிலிருந்து தீ.

கதவு நாலு எட்டு தூரம். ஓடியிருக்கலாம். அப்பா தூங்குகிறார், அதனால் ஓடவில்லை. வலது கையால் அதை வாரி எடுத்து, இடது கையால் ஜன்னலைத் திறந்திருக்கிறாள். கொக்கி மாட்டிக்கொண்டது. எங்கள் வீட்டு ஜன்னல் கொக்கி எப்போதும் மாட்டும். அது கழன்று வரும்வரை வலது கையில் எரிந்துகொண்டிருந்தது. பிறகு முற்றத்தில் எறிந்தாள். அம்மா அலசிய தண்ணீரையெல்லாம் ஊற்றினாளாம், அணையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மண்ணை அள்ளிக் கொட்டினார்.

அப்பாவுக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் இருமல். போர்வையும் மெத்தையும் போயின.

வலது கை. விரல் அஞ்சும், உள்ளங்கை, மணிக்கட்டு வரைக்கும். பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கிட்டு இருக்கு. தொடையிலேருந்து தோல் எடுத்து ஒட்டணும்னாங்க. பென்சில் பிடிப்பாளான்னு அம்மா கேட்டா. டாக்டர் அம்மா முகத்தைப் பாக்கல, ஃபைலைப் பாத்தாரு.

நான்தானே இறுக்குனேன். அன்னைக்கு நான்தானே இறுக்குனேன்.

1 ஏப்ரல், செவ்வாய்

மிச்சத்தைச் சாக்கில் போட்டுக் கடைக்கு எடுத்துவந்தேன். வீட்டில் 'என்ன ஆச்சுன்னு பாக்கறேன்' என்று சொன்னேன்.

பார்த்தேன். ஏழாவது ஸ்க்ரூ ஏறும் பித்தளைக் குமிழ் பேட்டரி உறைக்குள் இறங்கியிருக்கிறது. துளை அங்கேதான். கருகல் அங்கிருந்துதான் விரிகிறது. உப்பியதை நான் அமுக்கி மூடினேன். அது மேலும் உப்பி, ஐந்து வாரம் அந்தக் குமிழோடு முட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

சாக்கைக் கட்டி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன். யாரிடமும் காட்டவில்லை.

3 ஏப்ரல், வியாழன்

முதல் அறுவை முடிந்தது. பார்வையாளர் நேரம் பகல் இரண்டு மணி. கை ஒரு தலையணை கனத்துக்குக் கட்டுப்போட்டுத் தொங்குகிறது.

"அண்ணா."

"சொல்லு."

"போர்வை மேல வெச்சதாலயா?"

சொல்லியிருக்கலாம். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பக்கத்துக் கட்டில் காலி. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து போற ஓட்டை அடைஞ்சிருக்கும்," என்றேன்.

தலையாட்டினாள். "நீ சொன்ன இல்ல, மேஜையில வெச்சு வெளையாடுன்னு. நான்தான் குளிருதுன்னு..."

நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஒரு தரம்கூட. அவளாகவே சேர்த்துக்கொள்கிறாள். நான் மறுக்கவில்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அப்பா ஒரே பாட்டு: "வெளையாட்டு, வெளையாட்டு, வெளையாட்டு! படிக்க வாங்கிக் குடுத்தா அதுல ஊர் கட்டிட்டு உக்காந்திருந்தா." அத்தை தலையில் அடித்துக்கொள்கிறாள். கட்டிலில் லிஸ்பெத் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடக்கிறாள்.

ரோக்ஸானா அழுதுகொண்டே குரல் செய்தி அனுப்பினாள். தன் விளையாட்டுக் கணக்கை அழித்துவிட்டாளாம். ஊரை ஆரம்பித்தது அவள் கணக்கில். எல்லாம் போயிற்று. கால்வாயும்.

8 ஏப்ரல், செவ்வாய்

பெட்ரோல் வரிசையில் நிற்கும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். முன்னால் அறுபது வண்டி இருக்கும். சாப்பாட்டைப் பிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"சல்லா அன்னைக்கு நான் ஊத்துனேனே..."

"ம்."

"ரெண்டு சொட்டுன்னேன். ரெண்டு சொட்டு இல்லடா. உள்ள எறங்கியிருக்குமோ? சாராயம் தீப்புடிக்கிற சாமான்தானே. உனக்குத்தான் தெரியும், சொல்லு. அம்மாகிட்ட சொல்லிடாத."

"இல்லப்பா. அது அன்னைக்கே ஆவியாப் போயிருக்கும். அதுனால இல்ல."

"நெஜமா?"

"நெஜமா."

அவர் நம்பவில்லை. இந்த ஒரு வாரத்தில் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அதை அவர் நம்பவில்லை. விளையாட்டை அவ்வளவு சத்தமாக ஏன் திட்டுகிறார் என்று இப்போது புரிகிறது. தன் கை ஊற்றியதை மறைக்க அவருக்கு அந்தச் சத்தம் வேண்டியிருக்கிறது.

வண்டி வரிசை ஒரு அடி நகர்ந்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

12 ஏப்ரல், சனி

அம்மா கேட்டாள், சந்தையில் பொம்மைக்குப் புகை காட்டியபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டதோ என்று. அவளும் தன் தப்பைத் தேடுகிறாள்.

15 ஏப்ரல், செவ்வாய்

பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். மகனின் படிப்புக்காக வாங்கிய லேப்டாப். பார்த்ததும் தெரிந்துவிட்டது, அதே பன்னிரண்டில் ஒன்று.

"ஆடுது இஞ்சினியரே. எழுதும்போது டக்கு டக்குங்குது. மகன் அடியில அட்டை மடிச்சு வெச்சிருக்கான்."

தோன் சக்காரியாஸ் உள்ளேயிருந்து சிப்ஸ் பாக்கெட்டைத் தொடங்கிவிட்டார். அம்மையார் சிரித்தார்.

பேட்டரியைக் கழற்றி மணல் வாளியில் போட்டேன். "மாத்துப் பேட்டரி வர்ற வரைக்கும் கரண்டுல சொருகி மட்டும் ஓட்டுங்க," என்றேன். அவர் போனதும் முதலாளி வந்தார்.

"எவன்டா உன்னை அதைக் கழட்டச் சொன்னது? நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிப்பான். உன் தங்கச்சி போர்வை மேல வெச்சு வெளையாடினதுக்கு என் சரக்கு மேலயா பழி?"

அவருக்கு அது பொய் என்று தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்.

பன்னிரண்டில் ஒன்று எரிந்துவிட்டது. ஒன்று இன்று வந்தது. மீதிப் பத்தும் யார் யார் மடியிலோ.

22 ஏப்ரல், செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டு சின்னதாகியிருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசைகின்றன. மற்ற மூன்றும் மடங்கவில்லை. இன்னும் இரண்டு அறுவை இருக்கிறதாம்.

மேஜைமேல் பல்கலைக்கழகத்தின் விலகல் படிவம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இடக்கையால் பெயரை நிரப்பியிருக்கிறாள், எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் விழுந்து கிடக்கிறது.

"இடது கையால வரையக் கத்துக்கலாம்," என்றேன். "எத்தனையோ பேர் செய்யறாங்க."

"கை இல்லண்ணா பிரச்சனை."

"பின்ன?"

"அப்பா செத்திருப்பாரு." சுவரைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு மெஷினை எங்க வெக்கணும், எங்க வெக்கக் கூடாதுன்னு தெரியல எனக்கு. நீ நல்லாத்தான் பாத்து வாங்கிக் குடுத்த. நான்... நான் கட்டுற வீட்டுல ஒருத்தர் எப்படி நம்பிப் படுப்பாங்க?"

நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். கெட்டிலில் தண்ணீர் கொதித்து வற்றும்வரை நின்றேன்.

23 ஏப்ரல், புதன்

இன்றும் சொல்லவில்லை.

24 ஏப்ரல், வியாழன்

மாலை ஆறு மணி. சாக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அடிமூடியை மேஜைமேல் வைத்தேன். கரி உதிர்ந்தது. அம்மா தட்டை நகர்த்தினாள்.

சொன்னேன். இரண்டு மில்லிமீட்டர், வாயு, சாந்தா குரூஸ், சனிக்கிழமை, பதினோரு ஸ்க்ரூ. டச்பேடுக்கு முட்டுக் கொடுத்தது எது என்று சொன்னேன். போர்வை இல்லை என்றேன். சாராயம் இல்லை என்றேன். விளையாட்டு இல்லை என்றேன். பாடம் நடத்துகிற குரலில் சொல்லிக்கொண்டு போனேன். அது எனக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை.

லிஸ்பெத் இடது ஆள்காட்டி விரலை அந்தத் துளையில் வைத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"உப்பியிருந்தது பிப்ரவரி பத்தொம்போதாம் தேதியே தெரியும்."

"எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி."

"முன்னாடி."

"ஆஸ்பத்திரியில நான் கேட்டப்ப?"

"தெரியும்."

"இருவத்தஞ்சு நாளா நான் என்னையே..." நிறுத்திக்கொண்டாள்.

அம்மா கேட்டாள்: "ஏன்டா?"

சனிக்கிழமை என்று சொல்லிவிட்டேன், அதனால். புதுசு கேட்டவளிடம் தோற்கக் கூடாது, அதனால். இதில் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "தெரியலம்மா," என்றேன். அதுவும் பொய்.

அப்பா எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என்னைத் தாண்டி வெளியே போய் மினிபஸ் படியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகையா, விட்டுப்போன பயமா, எனக்குத் தெரியவில்லை.

லிஸ்பெத் கத்தவில்லை. "வெளிய போண்ணா," என்றாள். போய்க்கொண்டிருக்கும்போதே, "அண்ணா இல்ல. போ," என்றாள்.

27 ஏப்ரல், ஞாயிறு

மூன்று நாளாகச் சமையலறையில் சாப்பிட்டுச் சமையலறையிலேயே படுக்கிறேன். அவள் என்னிடம் பேசவில்லை. அப்பா "நகரு" என்கிறார், "கதவை மூடு" என்கிறார். அவ்வளவு.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை லிஸ்பெத் அந்தப் படிவத்தைப் பல்லில் கடித்து இடக்கையால் கிழித்தாளாம். அப்பா பெட்ரோல் வரிசையில் முன்னால் ஒன்பது வண்டியே இருந்த இடத்தை விட்டுவிட்டு வந்து அவளைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனாராம். தேர்வுகளைத் தள்ளிவைக்க மனு கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொண்டார்கள். வழியெல்லாம் அப்பா அவளிடம் விளையாட்டைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினாராம். இவள் சிவப்பு விளக்கைப் பாருங்கப்பா என்றாளாம்.

சுவருக்கு அந்தப்பக்கம் இப்போது அவள் குரல் கேட்கிறது. ஃபோனில் ரோக்ஸானாவிடம் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை.

நாளை முதல்:

1. காலை எட்டுக்குக் கடை. விற்பனை நோட்டிலிருந்து பத்துப் பேரின் ஃபோன் எண்ணையும் எடுப்பது. முதலாளி தடுத்தாலும் எடுப்பது.

2. பத்துப் பேரையும் கூப்பிடுவது. சமாதானம் சொல்லக் கூடாது. "சார்ஜரைப் பிடுங்குங்க, படுக்கைப் பக்கம் வைக்காதீங்க, என்கிட்ட கொண்டு வாங்க. மூடி வித்தவங்க தப்பு, உங்க தப்பு இல்ல." இவ்வளவுதான்.

3. வேலை போனால் என் ஸ்க்ரூடிரைவர் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது. சண்டை போடக் கூடாது.

4. அவளோடு படிக்கும் பெண்ணிடம் நாலு வாரப் பாடக் குறிப்பை வாங்கிப் பிரதி எடுத்து அம்மாவிடம் கொடுப்பது. யார் எடுத்தது என்று அம்மா சொல்ல வேண்டாம்.

5. செவ்வாய் கட்டு மாற்றும் நாள். அப்பா கூட்டிப்போவார். நான் போகக் கூடாது.

6. அடுத்த லேப்டாப்பை அவள் பார்த்து வாங்குவாள். எந்த மாடல் என்று நான் கேட்கக் கூடாது.

7. அவள் கூப்பிடும்வரை அந்த அறைக்குள் போகக் கூடாது. கூப்பிடாவிட்டால், இல்லை.